மாலை மையமும் கோடை மையமும்: ராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராமேஸ்வரம் தீவில், துறைமுகத்துக்குப் பக்கத்துத் தெரு ஒன்றில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்காக நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு மாலை மையம் நடத்துகிறோம். இது ஒன்பதாவது வருடம். பாம்பன், மண்டபம், கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி என்று பல ஊர்களிலிருந்து போன் வருகிறது, "எங்க தெருவிலும் இதுமாதிரி ஒண்ணு தொடங்கணும், எப்படிக்கா?" என்று. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது. அதனால்தான் இப்படி உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாக இருக்கும், பொறுமையாகப் படியுங்கள்.

தெருவுக்கு நாலு டியூஷன் இருக்கிறதே, தனியாக மாலை மையம் எதற்கு?

டியூஷன், காசு கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைக்கு. அதுவும் அங்கே பாடம் மட்டும்தான். எங்கள் கவலை அந்த நேரத்தைப் பற்றியது. பள்ளி நாலேகாலுக்கு விடுகிறது. அப்பா கடலில் இருப்பார், அல்லது மறுநாள் போவதற்கு ஐஸ் ஏற்றிக்கொண்டு இருப்பார். அம்மா இறால் கம்பெனியிலோ நண்டு கம்பெனியிலோ, இல்லையென்றால் கோயில் பக்கம் சங்கு, பாசிமாலைக் கடையிலோ இருப்பார். எட்டு மணிக்கு முன் வீட்டில் விளக்கு எரியாது. அந்த நாலு மணி நேரம் பிள்ளை எங்கே இருக்கிறது, யாரோடு இருக்கிறது, என்ன சாப்பிட்டது என்று யாருக்கும் தெரியாது. பாடம் சொல்லிக் கொடுப்பதும் உண்டு, ஆனால் அந்த நாலு மணி நேரத்துக்கு ஒரு இடமும், பேர் சொல்லிக் கூப்பிட ஒரு பெரிய ஆளும் வேண்டும் என்பதுதான் முதல் காரணம்.

இது புதிய யோசனையும் இல்லை. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்ற நகரத்தில் 1860-இல் தெருவில் அலைந்த பையன்களைப் பார்த்து மூன்று பெண்கள் ஒரு வீட்டைத் திறந்து உள்ளே கூப்பிட்டார்கள், அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைக்கு அங்கே நாடு முழுவதும் இருக்கும் சிறுவர் சிறுமியர் மன்றங்கள்.

இதெல்லாம் சென்னை, மதுரைக்குத்தானே? நம்ம ஊர் கடற்கரைக் கிராமம்தானே?

ராமேஸ்வரம், கீழக்கரை, ராமநாதபுரம் மூன்றும் நகராட்சிகள். வீடும் வீடும் ஒட்டி, விளையாட ஒரு பொட்டு இடம் இல்லாத தெருக்கள் இங்கேயும் இருக்கின்றன. அதோடு எங்கள் ஊருக்கு மற்ற நகரங்களுக்கு இல்லாத ஒரு இழுப்பு உண்டு: வருடம் முழுவதும் வெளியூர்க் கூட்டம். பன்னிரண்டு வயதுப் பையன் அக்னி தீர்த்தக் கரையில் ஒரு சாயங்காலம் மாலை விற்றால் கையில் நூறு, இருநூறு நிற்கும். கையில் காசு பழகிய பிள்ளையைத் திரும்ப வகுப்பில் உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் ஊர் வாத்தியார்கள் எல்லோருக்கும் தெரியும்.

எத்தனை மணிக்குத் திறப்பது, எத்தனை மணிக்கு மூடுவது?

நாங்கள் நாலரை முதல் ஏழு. ஆனால் உங்கள் தெருவைப் பார்த்து முடிவு பண்ணுங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் மதரஸா நேரமும் மஃரிப் தொழுகையும் பார்க்க வேண்டும். நோன்பு மாதத்தில் நேரத்தையே மாற்ற வேண்டும். தங்கச்சிமடம் பக்கம் கோயிலில் செபமாலை நேரம் இருக்கிறது. நேரம் எதுவானாலும் சரி, ஒருமுறை சொல்லிவிட்டால் மாற்றாதீர்கள். ஒரு நாள் நாலரை, ஒரு நாள் ஐந்தேகால், ஒரு நாள் "இன்னிக்கு டீச்சர் வரல" என்று இருந்தால் மூன்றே வாரத்தில் பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள். நாங்களே முதல் வருடம் அப்படித்தான் முப்பத்தைந்து பேரில் தொடங்கிப் பதினொன்றில் வந்து நின்றோம்.

ஒரு நாள் சாயங்காலம் என்னதான் நடக்கும்?

முதலில் சாப்பாடு. பிள்ளை மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டது, நாலரைக்குப் பசியோடு வரும், அந்த வயிற்றோடு எதையும் சொல்லிக் கொடுக்க முடியாது. நாற்பது பேருக்கு ஒன்றேகால் கிலோ கொண்டைக்கடலை, முந்தின இரவே ஊறப்போட்டது. தெருவில் உள்ள ஒரு பெரியம்மா அவித்துத் தாளித்துத் தருகிறார். வெள்ளிக்கிழமை அவல். பனங்கிழங்கு காலத்தில் கிழங்கு.

அப்புறம் அரை மணி நேரம் ஓட்டம், விளையாட்டு. ஐந்தரைக்கு மேல்தான் புத்தகம். வயதுப்படி உட்கார வைப்பதில்லை, வாசிக்கத் தெரிந்த அளவுப்படி உட்கார வைக்கிறோம். ஏழாவது படிக்கும் பையன் இரண்டாவது பிள்ளையோடு உட்காரக் கூச்சப்படுவான். அதனால் பெரிய பையன்கள் வாசிப்பில் பின்தங்கியிருந்தால் தனியாக ஒரு மூலையில் அவர்களுக்கு என்று ஒருவர் இருப்போம். அந்த மூலைக்கு எந்தப் பேரும் வைக்கவில்லை.

ஒரு சாயங்காலத்தை மட்டும் சொல்கிறேன். எட்டாவது படிக்கும் பையன், சதவீதக் கணக்கு என்றாலே நோட்டை மூடிவிடுவான். அவன் அப்பா நாட்டுப்படகில் போகிறவர். "நேத்து எவ்வளவுடா பாடு?" என்று கேட்டேன். பாடு என்றால் பிடித்த மீன் விற்றுக் கையில் வந்த காசு. "ஒன்பதாயிரம்கா. எண்ணெய், ஐஸ் எல்லாம் ரெண்டாயிரத்து நானூறு போச்சு. மிச்சத்துல பாதி படகுக்கும் வலைக்கும். மூணு ஆளு. அப்பாவுக்கு ஆயிரத்து நூறு" என்றான், மூச்சு விடாமல். சரியாக இருக்கிறதா என்று நான்தான் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. இதே கணக்கைப் புத்தகத்தில் "ஒரு வியாபாரி" என்று போட்டிருந்தால் அவனுக்கு வராது. அன்றைக்குப் பாடு, செலவு, பங்கு என்று மூன்று கட்டம் போட்டு, எண்ணெய் விலை பத்து சதவீதம் ஏறினால் அப்பா பங்கில் எவ்வளவு குறையும் என்று கேட்டோம். ஏழு மணிக்குக் கதவைச் சாத்தும்போதும் அவன் எழுதிக்கொண்டு இருந்தான். இப்போது எங்கள் மையத்தில் அதற்குப் பெயரே படகுக் கணக்கு. நீங்கள் கீழக்கரையில் நடத்தினால் கடைக் கணக்கு, சாயல்குடி பக்கம் என்றால் கருப்பட்டிக் கணக்கு என்று உங்கள் ஊருக்கு ஒன்று கிடைக்கும்.

கோடை விடுமுறையில் மூடிவிட்டு ஜூனில் திறந்தால் போதாதா?

போதாது. இந்தப் பக்கம் எழுதுவதே பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். முன்னால் 45 நாளாக இருந்தது, 2017-இல் 61 ஆனது. பள்ளி விடுமுறையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, அதாவது விடுமுறை முழுவதும் தடைக்காலத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. விசைப்படகு கரையில் நிற்கும். படகில் போகிறவருக்குச் சம்பாத்தியம் இல்லை, மீன் பிரிக்கிற பெண்களுக்கு வேலை இல்லை, ஐஸ் கம்பெனி, லோடு வண்டி எல்லாம் பாதி. பல வீடுகளில் அப்பா கேரளாப் பக்கம் படகு வேலைக்குப் போய்விடுவார். அரசு கொடுக்கும் தடைக்கால நிவாரணம் 5,000 ரூபாயாக இருந்து 8,000 ஆனது, வாங்குகிறவர்களுக்கு அது உதவிதான், ஆனால் இரண்டு மாதத்துக்கு அதை வைத்து ஒரு குடும்பம் ஓடாது.

அதே இரண்டு மாதம் பள்ளியில் சத்துணவும் கிடையாது, சின்னப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் கிடையாது. வீட்டில் காசு இல்லாத மாதமும் பள்ளியில் சோறு இல்லாத மாதமும் ஒன்றாக வருகின்றன. ஊரில் வெளியூர்க் கூட்டம் அதிகமாக இருப்பதும் இதே மே மாதம்தான். ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை எந்தப் பக்கம் போகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது திரும்பி வராத பிள்ளைகளில் நான் பார்த்தவரை பெரும்பாலானவர்கள் மே மாதத்தில்தான் நழுவினார்கள். வருடத்தில் ஒரு காலம்தான் உங்களால் நடத்த முடியும் என்றால், பள்ளி நாட்களை விட்டுவிட்டு அந்த இரண்டு மாதத்தை நடத்துங்கள் என்று கூடச் சொல்வேன்.

படிப்புப் பக்கமும் இதையேதான் காட்டுகிறது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் 1982-இல் ஒன்றாவது சேர்ந்த சுமார் 800 பிள்ளைகளைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தார்கள். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியான பிள்ளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் கற்றார்கள், கோடையில்தான் இடைவெளி விரிந்தது என்றார்கள். எவ்வளவு விரிகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் பிறகு வாதம் நடந்தது. இங்கே ஜூன் மாதம் வகுப்பில் நிற்கும் வாத்தியாரைக் கேட்டால், மார்ச்சில் வாசித்த பிள்ளை எழுத்துக் கூட்டுகிறது என்பார்.

பத்து நாள் கோடை முகாம் வைக்கலாம் என்று இருக்கிறோம். டி-ஷர்ட் கூட ஒருவர் தருகிறேன் என்கிறார். நல்லதுதானே?

பிள்ளைகளுக்குச் சந்தோஷமாக இருக்கும், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பதினோராவது நாள் மே 12 என்றால், அதற்கு மேல் இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் விடுமுறை இருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன், டல்லாஸ், பிட்ஸ்பர்க் உள்ளிட்ட ஐந்து நகர்ப்புறப் பள்ளி மாவட்டங்களில் ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஐந்தாறு வார இலவசக் கோடை வகுப்புகளைத் தொடர்ந்து பார்த்தது. 20 நாளோ அதற்கு மேலோ வந்த பிள்ளைகளிடம்தான் கணக்கில் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது, இரண்டு கோடையும் அப்படித் தவறாமல் வந்தவர்களுக்கு மொழியிலும் தெரிந்தது. பேர் கொடுத்துவிட்டு ஐந்து நாள் வந்தவர்களுக்கு ஒன்றும் பெரிதாக இல்லை. அந்த டி-ஷர்ட் காசைக் கேட்டு வாங்கி அரிசியும் பருப்பும் வாங்குங்கள். காலை ஏழரை முதல் பதினொன்று வரை, ஐந்து வாரம், முடியும்போது ஒரு சாப்பாடு. எங்கள் ஊர் வெயிலில் பதினொன்றுக்கு மேல் யாரையும் வெளியே வைத்திருக்க முடியாது.

கோடையில் பாடப் புத்தகத்தையே திறப்பீர்களா?

ஒரு மணி நேரம் வாசிப்பும் கணக்கும், அதுவும் கதைப் புத்தகம் வைத்து. மற்றதெல்லாம் ஊரைப் பார்ப்பது. இந்தக் கடற்கரையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் இருக்கின்றன, அது 1986-இலேயே கடல்வாழ் தேசியப் பூங்கா ஆனது என்று தெரியாமல் பத்தாவது முடிக்கும் பிள்ளைகள் ஏராளம். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் இருக்கிறது, முன்கூட்டியே கடிதம் கொடுத்து அழைத்துப் போகலாம். காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் கூட்டிப் போகிறார்கள். ஒரு வருடம் ஓலை முடைகிற ஒரு பாட்டியை வரவழைத்தோம். பதினைந்து பிள்ளைகள் மூன்று நாளில் ஆளுக்கு ஒரு பெட்டி முடைந்தார்கள், அதில் பதினொன்று கோணல். ஆனாலும் எல்லோரும் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

கலாம் சொல்லிக்கொண்டே இருந்த ஒரு சம்பவம் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் அவருக்குச் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு நடத்தினார், பிள்ளைகளுக்குப் புரியவில்லை. அன்று சாயங்காலமே எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப் போய்ப் பறக்கும் பறவையைக் காட்டினார். பள்ளி முடிந்த பிறகு நடந்த வகுப்பு அது. அதே மணலில்தான் நாங்களும் நடக்கிறோம்.

"கலாமே சின்ன வயசுல பேப்பர் போட்டாரு, எம் புள்ள வேலைக்குப் போனா என்ன?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

எல்லாக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் இதைக் கேட்பார். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த அம்மா பொய் சொல்லவில்லை, கலாம் பேப்பர் போட்டது உண்மை. அதோடு அவர் பள்ளியை விடவில்லை என்பதும் உண்மை, ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளிக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். அதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சட்டத்தையும் தெளிவாகத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2016-இல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத்துக்கு, ஆபத்தில்லாத வேலையில், பள்ளி நேரம் போக அல்லது விடுமுறையில் உதவி செய்யலாம். அதாவது அம்மாவின் கடையில் மாலை கோப்பது வேறு, இன்னொருவர் படகில் சம்பளத்துக்கு நிற்பது வேறு. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது.

ஒரு மே மாதம் எங்கள் பையன் ஒருவன் நாலு நாள் வரவில்லை. தேடிப் போனால் கரையில் ஏற்றி வைத்த படகுக்கு அடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு, ஒட்டியிருந்த சிப்பியைச் சுரண்டிக்கொண்டு இருந்தான். உள்ளங்கை முழுக்கக் கீறல். கண்ணில் துகள் விழுந்து சிவந்திருந்தது. "வீட்ல அட்வான்ஸ் வாங்கிட்டாங்கக்கா" என்றான். வயது பதின்மூன்று. அந்த முன்பணம் நாலாயிரம். அவன் அம்மாவையும் படகுக்காரரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசி, அந்தக் கடனை அவன் மாமா வேலை பார்த்துக் கழிப்பது என்று முடிவானது. எல்லாத் தடவையும் இப்படி முடியாது. பேசிப் பார்த்தும் நடக்கவில்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யத் தயங்காதீர்கள்.

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு விடுமுறையில் கொஞ்சம் சம்பாத்தியம் கிடைக்கிற மாதிரி வேலையே ஏற்பாடு பண்ணலாம், அது நல்ல திட்டம். சிகாகோவில் 2012-இல் வன்முறை அதிகமுள்ள பகுதிகளின் பள்ளிகளில் இருந்து 1,634 பேரை எடுத்து, அதில் குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு மட்டும் எட்டு வாரம், வாரம் 25 மணி நேரம், சம்பளத்தோடு கோடை வேலையும் கூடவே வழிகாட்ட ஒரு பெரியவரையும் கொடுத்தார்கள். பதினாறு மாதம் கழித்துப் பார்த்தால், வேலை கிடைக்காதவர்களை விட இவர்கள் வன்முறைக் குற்றத்தில் கைதாவது 43 சதவீதம் குறைவாக இருந்தது. நாங்கள் மூத்த பிள்ளைகளையே கோடை மையத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தர வைத்து, வாரம் ஒரு சின்னத் தொகை கொடுக்கிறோம். மாலை விற்கும் காசை விட அது குறைவு. ஆனாலும் வருகிறார்கள்.

பெண் பிள்ளைகள் வயசுக்கு வந்ததும் நிறுத்திவிடுகிறார்களே?

ஆமாம். இதற்கு ஒரே நாளில் தீர்வு கிடையாது. எங்களுக்கு உதவியது மூன்று விஷயம். மையத்தில் எப்போதும் பெண் ஒருவர் இருப்பது. கதவு பூட்டும் கழிப்பறை. ஆறு மணிக்கே பெண் பிள்ளைகளைத் தெருவாரியாகச் சேர்த்துக் கூட்டிப்போய் வீட்டில் விடுவது, அதை ஒரு நாளும் தவறவிடாமல் செய்வது. ஒரு அப்பாவுக்கு நீங்கள் மேடையில் பேசும் பெண்கல்விப் பேச்சு தேவைப்படாது, ஆறு பத்துக்கு மகள் வாசலில் நின்றால் போதும். இருட்டும் தெருவாக இருந்தால் நகராட்சியில் மனுக் கொடுத்து விளக்குப் போட வையுங்கள், நாங்கள் மூன்று முறை கொடுத்தோம், வந்தது.

பன்னிரண்டாவது முடித்துக் கல்லூரி சேரும் அரசுப் பள்ளிப் பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அதே தொகை. இதை எட்டாவது படிக்கும்போதே அம்மாக்களிடம் சொல்லி வையுங்கள்.

பத்தாவது முடித்த பையன்கள் "கடலுக்கே போறேன்" என்கிறார்கள். தடுக்க வேண்டுமா?

கடல் கேவலமான தொழில் என்று ஒரு நாளும் சொல்லாதீர்கள், அப்பன் தொழிலைக் குறைத்துப் பேசுகிறவர் பேச்சை எந்தப் பையனும் கேட்க மாட்டான். பதினெட்டு வயது ஆனபிறகு, படித்துவிட்டு, தெரிந்தே போனால் அது அவன் முடிவு. அதற்கு முன்னால் வேறு வழிகளைக் கண்ணில் காட்ட வேண்டும். மண்டபத்தில் இந்தியக் கடலோரக் காவல்படை நிலையம் இருக்கிறது. அதில் பொதுப் பணி நாவிக், அதாவது மாலுமி வேலைக்குப் பன்னிரண்டாவதில் கணிதமும் இயற்பியலும் படித்திருக்க வேண்டும், வயது 18 முதல் 22. நீச்சல், காற்று, அலை எல்லாம் தெரிந்த எங்கள் பையன்கள் பதினோராவதில் வேறு பாடப்பிரிவு எடுத்துவிட்டு, பிறகு இதைக் கேள்விப்பட்டு வருத்தப்படுகிறார்கள். பத்தாவது ரிசல்ட் வரும் மே மாதத்தில் இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். கோடை மையம் திறந்திருந்தால் அங்கேயே சொல்லிவிடலாம். தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம், ஐடிஐ, பாலிடெக்னிக் எல்லாமும் அந்த ஒரு மாதத்தில் பேச வேண்டியவை.

போதை, கடத்தல் பற்றி பயமாக இருக்கிறது. எப்படிப் பேசுவது?

பிள்ளை திடீரென்று புதுப் போன் வைத்திருந்தால், ராத்திரி கடற்கரையில் "சும்மா நின்னு பாத்துக்கிறதுக்கு" காசு கிடைத்தது என்றால் கவனியுங்கள். 2001 முதல் பாதுகாக்கப்பட்ட உயிரினமாக இருக்கும் கடல் அட்டையை எடுப்பதும் கடத்துவதும் ஜாமீன் கிடைக்காமல் அலையவிடும் குற்றம் என்பது பதினேழு வயதுப் பையனுக்குத் தெரியாது. அவனைக் காவலுக்கு நிறுத்துகிறவருக்கு நன்றாகத் தெரியும். எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். கூட்டம் போட்டு பயமுறுத்துவதை விட, அவனோடு தினமும் பேசுகிற ஒரு அண்ணன் மையத்தில் இருப்பதுதான் எங்களுக்குக் கைகொடுத்தது.

அப்பா இலங்கையில் சிறையில் இருக்கும் பிள்ளைகள் வந்தால்?

நம் கடற்கரையில் மட்டும் வரும் கேள்வி இது. எல்லை தாண்டினார்கள் என்று பிடித்துப் போகும்போது, எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பிள்ளையிடம் விவரம் கேட்காதீர்கள், ஏற்கெனவே ஊரே கேட்டிருக்கும். வழக்கம்போலச் சுண்டல் கொடுங்கள், வழக்கம்போல உட்கார வையுங்கள். ஒரு பெண் குழந்தை தினமும் அப்பாவுக்குக் கடிதம் எழுதி நோட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். நாங்கள் அதைப் படித்ததில்லை. அவர் திரும்பி வந்த அன்று நோட்டை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தது.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்ன விதிகள்?

பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனியாக மூடிய அறையில் இருக்கக் கூடாது, அது யாராக இருந்தாலும். புதிதாக வரும் தன்னார்வலரைப் பற்றித் தெருவில் இரண்டு பேரிடமாவது விசாரியுங்கள், முதல் மாதம் தனியாக விடாதீர்கள். அனுமதி இல்லாமல் பிள்ளைகளின் படத்தை இணையத்தில் போடாதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்தது தெரிந்தால் புகார் செய்வது கட்டாயம், மறைப்பது குற்றம். "ஊர் பேர் கெட்டுப்போகும், பேசி முடிச்சுக்கலாம்" என்று யார் வந்து சொன்னாலும் கேட்காதீர்கள். கடலுக்குக் கூட்டிப் போவதென்றால் அரிச்சல்முனையில் இறங்கவே விடாதீர்கள், நீச்சல் தெரிந்த பிள்ளையாக இருந்தாலும்.

அரசிடமிருந்து என்ன உதவி கிடைக்கும்?

இல்லம் தேடிக் கல்வி 2021 அக்டோபரில் தொடங்கியது. ஒன்று முதல் எட்டாவது வரை, இருபது பிள்ளைக்கு ஒரு தன்னார்வலர், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் அளவில், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளை வைத்து நடந்த ஆய்வில், கொரோனாக் காலத்தில் விட்டுப்போன படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் திரும்ப வந்தது, அதில் ஏறக்குறைய கால் பங்கு இந்தச் சாயங்கால வகுப்பால் வந்தது என்று கண்டார்கள். பெரிய கட்டடம் இல்லை, பி.எட். இல்லை, தெருவில் உள்ள ஒரு அக்கா மட்டும்தான். இப்போது அது முன்பிருந்த அளவில் இல்லை, ஆனால் அதில் பயிற்சி பெற்ற பெண்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். முதலில் அவர்களைத் தேடுங்கள்.

அப்புறம் ராமநாதபுரத்தில் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றம் இருக்கிறது, பாட்டு, நடனம், ஓவியம் எல்லாம் மிகக் குறைந்த கட்டணத்தில். விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டம் தோறும் கோடைப் பயிற்சி முகாம் வைக்கும், ஏப்ரலில் அறிவிப்பு வரும். பள்ளி மேலாண்மைக் குழுவை மறந்துவிடாதீர்கள், சட்டப்படி அதில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். பள்ளி வகுப்பறையைச் சாயங்காலம் கேட்டு வாங்குவதற்கு அந்த அம்மாக்கள் தலைமையாசிரியரிடம் பேசினால் வேலை சீக்கிரம் நடக்கும்.

பணத்துக்கு என்ன செய்வது?

மாதாமாதம் சிறிதாகக் கொடுக்கும் முப்பது பேர், ஒரே தடவை பெரிதாகக் கொடுக்கும் ஒருவரை விட மேல். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்கள், படகு உரிமையாளர்கள், லாட்ஜ் நடத்துகிறவர்கள் எல்லோரிடமும் கேளுங்கள். கணக்கை மாதக் கடைசியில் சுவரில் ஒட்டுங்கள். கட்சிக் கொடி, கோயில் கொடி எதுவும் உள்ளே வேண்டாம், மூன்று மதத்துப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காரும் இடம் இது.

மழைக் காலத்தில்?

ஐப்பசி, கார்த்திகையில் கூரை ஒழுகும், கரண்டு போகும். ரீசார்ஜ் லைட் இரண்டு வாங்கி வையுங்கள். புயல் எச்சரிக்கை என்றால் மட்டும் மூடுங்கள்.

பலன் இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்?

எங்களிடம் இருப்பது ஒரு நீள நோட்டு. பேர், தேதி, வந்தால் டிக். மூன்று நாள் வராவிட்டால் நாலாவது நாள் வீட்டுக்குப் போக வேண்டும், யார் போனார்கள், என்ன சொன்னார்கள் என்று பக்கத்தில் ஒரு வரி. "தங்கச்சியைப் பாத்துக்கிறா." "காய்ச்சல்." "திருப்பூர் போயிட்டான்." வருடத்துக்கு மூன்று முறை ஒரே பத்தியை வாசிக்க வைத்துக் குறித்துக்கொள்கிறோம். ஜூனில் பள்ளி திறந்ததும் எத்தனை பேர் அடுத்த வகுப்புக்குப் போனார்கள் என்று பள்ளியிலேயே போய்ப் பார்க்கிறோம். இதற்கு மேல் எங்களுக்கு அளவுகோல் தெரியாது, இதுவே போதுமானதாக இருக்கிறது.

சரி, அடுத்த வாரமே தொடங்குகிறேன். முதலில் எதை வாங்குவது?

பாய் நாலு, ஒரு பெரிய குக்கர், நீள நோட்டு ஒன்று, கதைப் புத்தகம் முப்பது. பத்துப் பிள்ளைகளோடு தொடங்குங்கள், நூறு பேரைச் சேர்க்கப் போகாதீர்கள். அப்புறம் பூட்டுக்கு இரண்டு சாவி போடுங்கள், இரண்டும் வெவ்வேறு வீட்டில் இருக்கட்டும். உங்களுக்குக் காய்ச்சல் வரும் நாளிலும் நாலரைக்குப் பிள்ளைகள் வாசலில் வந்து நிற்பார்கள்.